வெயிலில் உழைப்பவர்களைத் தெரியும்... வெயிலில் தூங்குபவர்களைத் தெரியுமா? - குன்றத்தூரின் கோடை நிலவரம்!

காலை ஏழரை மணி. குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஏறுகிறவர்கள் கையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். அப்போதுதான் குளித்து, விபூதி கூடக் காயாத முகங்கள். சாலையின் எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இறங்குகிறது. அதே யூனிஃபார்ம், அதே ஐ.டி கார்டு. ஆனால், கண்கள் மட்டும் சிவந்திருக்கின்றன. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள். ஏறுகிறவர்களுக்கு நாள் தொடங்குகிறது. இறங்குகிறவர்களுக்கு அப்போதுதான் ‘இரவு’ தொடங்குகிறது.

அந்த ‘இரவு’ காலை ஒன்பது மணிவாக்கில் ஆரம்பித்து மாலை நான்கு, ஐந்து மணி வரை நீளும். அதாவது, கத்திரி வெயில் உச்சத்தில் நிற்கும் நேரம் முழுக்க!

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் தொழிற்சாலைப் பகுதியில் கார், பைக், லாரி, செல்போன் என்று எல்லாமே தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது இந்த ஓட்டம். ராமாநுஜர் பிறந்த ஊர், சேக்கிழார் பிறந்த ஊர் என்று அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூரும் குன்றத்தூரும் இன்று மூன்று ஷிஃப்ட்டில் இயங்கும் ஊர்கள். குன்றத்தூர், மாங்காடு, சோமங்கலம், படப்பை என்று சுற்றுவட்டாரமெங்கும் அந்தத் தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

கோடை வந்தால் நாம் எல்லோரும் வெயிலில் நிற்பவர்களைப் பற்றிப் பேசுகிறோம். போக்குவரத்து போலீஸ், கட்டடத் தொழிலாளி, டெலிவரி ஊழியர், தர்பூசணி வண்டிக்காரர்... பேச வேண்டியதுதான். ஆனால், வெயில் நேரத்தில் தகரத்துக்கும் சிமென்ட் ஷீட்டுக்கும் கீழே கண்மூடிப் படுத்திருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் கண்ணில் படுவதும் இல்லை. தெருவே வெறிச்சோடிக் கிடக்கும் மத்தியான நேரத்தில், பூட்டாத கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள் அவர்கள்.

‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ - எந்த வீட்டுக்குள்?

‘மதியம் 12 முதல் 3 மணி வரை வெளியே வர வேண்டாம்.’ ஒவ்வொரு கோடையிலும் வரும் அறிவிப்பு இது. நல்ல ஆலோசனைதான். ஆனால், அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. வெளியே சூடு, வீட்டுக்குள் குளுமை என்பதுதான் அது. நல்ல உயரமான கூரை, சுற்றிலும் மரம், அல்லது ஏ.சி இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும்.

இந்தப் பகுதியின் வாடகை வீடுகளைப் பாருங்கள். ஹவுஸ் ஓனர் கீழே இருப்பார். மொட்டை மாடியில் ஷீட் போட்டு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பார். அல்லது காலி மனையில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக லைன் வீடுகள். ஒரு கதவு, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கும். ஓர் அறையில் நான்கைந்து பேர் சேர்ந்து தங்குவார்கள். ஒருவர் எழுந்து ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது, இன்னொருவர் வந்து அதே பாயில் படுப்பார். ‘ரூமுக்குள்ள இருந்தா அவிஞ்சிடுவோம்’ என்பது இங்கே கோடையில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் வார்த்தை.

பகல் ஷிஃப்ட்காரருக்கு இதில் ஒரு தப்பிப்பு உண்டு. வெயில் நேரத்தில் அவர் கம்பெனியில் இருப்பார். செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி போன்ற பிரிவுகள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்டவை. வார்ப்படம், வெல்டிங், கேன்டீன் அடுப்படி போன்ற இடங்களில் கதை வேறு. அங்கே வெளிவெயிலோடு உள்சூடும் சேர்ந்துகொள்ளும். எந்தப் பிரிவில் வேலை பார்த்தாலும், நைட் ஷிஃப்ட்காரருக்கு மதியம் ஒரு மணிக்கு அந்த ஷீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

37 டிகிரிதான்... ஆனால், ஏன் இப்படிப் புழுங்குகிறது?

வேலூர், ஈரோடு, கரூர் பக்கம் 42 டிகிரி என்று செய்தி வரும்போது, ‘நமக்கு 38தானே’ என்று ஆறுதல்பட்டுக்கொள்வது நம் வழக்கம். அந்த ஆறுதல் பாதிதான் உண்மை.

நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வைத்திருக்கும் முக்கியமான வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் உடல் குளிராது. வியர்வை ஆவியானால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உப்பும் நீரும் போகும், சூடு மட்டும் போகாது. 35 டிகிரி வெப்பத்தோடு 60 சதவிகித ஈரப்பதம் சேர்ந்தால், உடலுக்கு அது 45 டிகிரி போல இருக்கும் என்கிறது அமெரிக்க வானிலைத் துறையின் வெப்பக் குறியீட்டு அட்டவணை.

சென்னையின் கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு மதியம் கடல்காற்று வந்து கைகொடுக்கும். குன்றத்தூர் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் இன்னும் உள்ளே. கடல்காற்று இங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாள்களில் பெயருக்கு வீசிவிட்டு அடங்கிவிடும். வரும்போது ஈரப்பதத்தையும் கூட்டிக்கொண்டு வரும். சூடும் குறையாமல், புழுக்கமும் கூடிய அந்த இரண்டு, மூன்று மணி நேரம்தான் இங்கே மோசமானது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி, சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியையும், கடலோரப் பகுதியில் 37 டிகிரியையும் தொட வேண்டும். கூடவே, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது ‘வெப்ப அலை’. மே மாதத்தில் சென்னைப் பகுதியின் வழக்கமான அளவே 37 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால், 39 டிகிரியில் வெந்து தணிந்த நாள் எதுவும் ‘வெப்ப அலை’ கணக்கில் சேராது. அறிவிப்பு வராத நாளிலும் உடல் தாங்க முடியாத சூட்டில்தான் கிடக்கிறது.

தூக்கம் என்பது உடலின் கூலிங் டைம்!

நாம் உறங்கப் போகும்போது உடலின் உள்வெப்பம் லேசாகக் குறையும். தோல் வழியாகச் சூட்டை வெளியே அனுப்பிவிட்டுத்தான் உடல் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகிறது. அறையே கொதித்துக்கொண்டிருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்? கண் மூடியிருக்கும், ஆனால் தூக்கம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குப் பகல் தூக்கம் சாதாரண நாள்களிலேயே குறைவு. உடலின் கடிகாரம் ‘இது விழித்திருக்கும் நேரம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதோடு வெயிலும் சேர்ந்தால், அடுத்த நாள் இரவு மெஷின் முன்னால் நிற்பவர் அரைத் தூக்கத்தில்தான் நிற்பார்.

தூக்கம் கெட்ட உடலுக்கு மறுநாள் வெப்பத்தைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. அந்தக் களைப்போடு பைக்கை எடுத்துக்கொண்டு வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஏறினால்? கையை மெஷினில் வைத்தால்? வெயிலின் பாதிப்பு மயங்கி விழுவதில் மட்டும் இல்லை. விபத்தாக, தவறாக, வீட்டில் எரிச்சலாக, சம்பளத்தில் வெட்டாகும் ஒருநாள் லீவாகவும் அது வரும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, உலகத் தொழிலாளர்களில் சுமார் 240 கோடிப் பேர் அதிக வெப்பத்தின் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்கள் என்கிறது. பத்தில் ஏழு பேர்!

ஷீட் வீட்டுக்குப் பகல் எதிரி, கான்கிரீட்டுக்கு இரவு எதிரி

கூரையைப் பொறுத்துச் சூடு வரும் நேரமும் மாறும். மெல்லிய சிமென்ட் ஷீட்டும் தகரமும் வெயில் பட்டதுமே சூடேறி, உடனே அறைக்குள் இறக்கிவிடும். பொழுது சாய்ந்ததும் வேகமாக ஆறியும்விடும். அதனால், ஷீட் வீட்டில் பகலில் தூங்குபவருக்குத்தான் அதிகக் கஷ்டம்.

கான்கிரீட் நேரெதிர். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, மாலையிலிருந்து நள்ளிரவு வரை மெதுவாகக் கக்கும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் கடைசித் தளத்தில் இரவில் படுப்பவர்கள் விசிறியைப் போட்டால் அனல் இறங்குவது இதனால்தான். சுழலும் ஷிஃப்ட்டில் இருப்பவர் ஒரு வாரம் பகலிலும், ஒரு வாரம் இரவிலும் தூங்குவார். எந்தக் கூரையாக இருந்தாலும் அவருக்குப் பாதி மாதம் சிக்கல்தான்.

‘ஒரு ஏர்கூலர் வாங்கிக்கொள்ளலாமே?’ என்று தோன்றும. தண்ணீர் ஆவியாவதை நம்பி இயங்குவது ஏர்கூலர். ஈரப்பதம் அதிகமுள்ள நம் பகுதியில், மூடிய சின்ன அறையில், அது புழுக்கத்தைத்தான் கூட்டும். மின்விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடலைக் குளிர்விக்காது, மேலும் சூடாக்கும் என்று எச்சரிக்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏ.சி என்றால் கரன்ட் பில். வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலிக்கும் இடங்களில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

தண்ணீரும் கோடையில் இங்கே ஒரு கவலை. குன்றத்தூருக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 24 அடி ஆழம், 3.6 டி.எம்.சி கொள்ளளவு. அந்த ஏரியே 2019 கோடையில் வறண்டு, வெடித்த நிலமாகக் கிடந்ததை நாம் பார்த்தோம். இரண்டு முறை குளித்துவிட்டுப் படுக்கலாம் என்றால், மோட்டார் போடும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டிய வீடுகள் இங்கே பல.

பெண்களுக்குக் கூடுதல் சுமை

இந்தப் பகுதியின் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் பெண்கள்தான் அதிகம். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். ஷிஃப்ட் இடைவேளை குறைவு, கழிப்பறைக்குப் போய்வர நேரமாகும் என்ற தயக்கத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பழக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கும் இருக்கிறது. கோடையில் இது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படுக்க முடிகிறதா என்றால், அதுவும் இல்லை. குடும்பத்தோடு இருப்பவர்களுக்குச் சமையல், துணி, பிள்ளைகள். கோடை விடுமுறை என்பதால் பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். 2024-ல் வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு ஜூன் 6-லிருந்து 10-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால், நைட் ஷிஃப்ட் போகும் அம்மாவுக்கு அது இன்னும் நான்கு நாள் தூக்கக் கணக்கு.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குன்றத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் போரூர் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, தமிழ்நாட்டில் சுமார் 800 கர்ப்பிணிகளிடம் ஆய்வு நடத்தியது. விவசாயம், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வேலைகளில் கடும் வெப்பத்துக்கு ஆளான பெண்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் ஆபத்து இரு மடங்காக இருந்ததை 2024-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

நம்பிக்கை தரும் ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. வல்லம் வடகாலில், ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் அளவுக்கு, சுமார் 706 கோடி ரூபாய் மதிப்பிலான குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. தொழிலாளி எங்கே தூங்குகிறார் என்பதும் தொழில் வளர்ச்சியின் ஒரு பகுதிதான் என்பதை ஏற்றுக்கொண்ட முயற்சி அது. அந்த வளாகத்துக்கு வெளியே லைன் வீடுகளில் இருப்பவர்களின் எண்ணிக்கைதான் பெரிது.

கேட்டுக்கு வெளியே சட்டம் இல்லை

250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். சுவரும் கூரையும் வெப்பத்தை முடிந்தவரை குறைக்கும்படி இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. அந்த அக்கறை எல்லாம் கம்பெனி கேட்டோடு முடிந்துவிடுகிறது. தொழிலாளி தூங்கும் இடத்தின் கூரைக்கு எந்த விதியும் இல்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்கும். முக்கியமான முடிவு இது. மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் வெப்ப அலை இல்லாத நிலையில், மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து இதற்குச் செலவிட வழி பிறந்தது. ஆனால், வெயிலில் சுருண்டு விழுந்தவரின் மரணத்தைத்தான் ‘வெப்பம்’ என்று அடையாளம் காண்பது எளிது. அறைக்குள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றால் ‘மாரடைப்பு’ என்றே முடிந்துவிட வாய்ப்பு அதிகம். வெப்ப மரணங்கள் கணக்கில் வராமல் போவது உலகம் முழுவதும் இருக்கும் சிக்கல்.

அகமதாபாத் கற்றுக்கொண்ட பாடம்

2010 மே மாதம் அகமதாபாத்தில் அடித்த வெப்ப அலையில், வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமான மரணங்கள் பதிவாகின. அந்த அடிக்குப் பிறகு, 2013-ல் தெற்காசியாவிலேயே முதன்முறையாக வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு செயல்திட்டத்தை அந்த நகரம் உருவாக்கியது. அதற்கு முன்பே அங்குள்ள ஒரு மருத்துவமனை, மேல் மாடியில் இருந்த மகப்பேறு பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியது. அதன் பின் வெப்ப பாதிப்போடு சேர்க்கப்படும் குழந்தைகள் குறைந்தார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்கவில்லை. கூரைக்கு நேர் கீழே யாரைப் படுக்கவைக்கக் கூடாது என்று புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையையே கொண்டுவந்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மாடியில் அடித்தால், வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறையும் என்பதுதான் அதன் அடிப்படை.

நமக்கு இது புதிதே இல்லை. கோடை வந்தால் நம் ஊர்க் கோயில்களில், பக்தர்களின் கால் சுடாமல் இருக்கப் பிராகாரத்தில் வெள்ளைநிறக் கூலிங் பெயிண்ட் அடிக்கிறார்கள். வெறுங்காலோடு நடந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். காலுக்குக் கீழே நாம் செய்வதைத் தலைக்கு மேலேயும் செய்ய வேண்டும். செலவு செய்ய வேண்டியவர் ஹவுஸ் ஓனர், பலன் அடைபவர் வாடகைக்காரர். அதனாலேயே அது நடக்காமல் இருக்கிறது. நகராட்சியும் ஊராட்சிகளும் ஓனர்களை ஊக்குவிக்கலாம். இங்குள்ள பெரிய நிறுவனங்கள் சட்டப்படி செலவிட வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியை, தங்கள் தொழிலாளர்கள் வசிக்கும் தெருக்களின் கூரைகளுக்குத் திருப்பலாம்.

நேரத்தை மாற்றுவதும் தீர்வுதான். நம்மவர்கள் ஏராளமானோர் வேலை பார்க்கும் கத்தாரில், ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. ஜப்பான், 2025 ஜூனிலிருந்து வெப்ப பாதிப்பைத் தடுக்கும் ஏற்பாடுகளை முதலாளிகளுக்குக் கட்டாயமாக்கியது. அக்னி நட்சத்திரம் என்பது மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 25 நாள் நீடிப்பது என்று நம் காலண்டரிலேயே இருக்கிறது. அந்த நாள்களில் ஷீட் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொடர்ச்சியாக நைட் ஷிஃப்ட் போடாமல் இருக்கலாம். கம்பெனிக்குள்ளோ, ஊரின் சமுதாயக் கூடத்திலோ, பகலில் படுத்து எழ ஒரு குளிர்ந்த அறை ஒதுக்கலாம்.

பகலில் தூங்குபவர் வீட்டில் இருக்கிறாரா? இதைச் செய்யுங்கள்!

* ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செல்போனைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு குளியல் போட்டு உடனே படுத்துவிடுவது நல்லது. வெயில் ஏறும் முன் கிடைக்கும் தூக்கம்தான் நல்ல தூக்கம். மதியம் தூக்கம் கலைந்தால், மாலையில் இன்னொரு தவணை தூங்கலாம். ஷிஃப்ட்டின் கடைசி சில மணி நேரத்தில் டீ, காபியைத் தவிர்க்கலாம்.

* கட்டிலைவிடத் தரை குளிர்ச்சி. கூரையிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுக்கிறோமோ, அவ்வளவு நல்லது. வெயில் விழும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் சாக்கு அல்லது ஓலைத் தட்டி கட்டுங்கள். ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிட்டு விசிறிக் காற்றில் படுக்கலாம்.

* மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, கூலிங் பெயிண்டோ அடிக்க ஓனரிடம் கேளுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டவோ, உடைக்கவோ, துளை போடவோ வேண்டாம். அதன் நார்த்தூசு நுரையீரலுக்கு ஆபத்து. ஷீட் மேல் ஏறவும் கூடாது. உடைந்துவிடும்.

* ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் குடிநீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடிக்கலாம். இரண்டும் தலைதட்டிய அளவு. நீர்மோரும் நல்லது. சர்க்கரைநோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால், குடித்த தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

* தூங்குபவரை மதியம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். உடல் நெருப்பாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, எழுப்பினால் சரியாக எழவில்லை என்றால், அது அசதி இல்லை. உடனே 108-க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைக்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இதற்குப் பணம் தேவையில்லை. மத்தியானத்தில் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தால், உள்ளே ஒருவர் இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கலாம். டி.வி சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பிள்ளைகளை வேறு பக்கம் விளையாடச் சொல்லுங்கள். மோட்டார் போட்டால் அவர்களுக்கும் ஒரு குடம் பிடித்து வையுங்கள்.

இரவு எட்டு மணிக்கு கம்பெனி பஸ் மறுபடி வரும். அதில் அவர் தூங்கி எழுந்த முகத்தோடு ஏற வேண்டும்.